டெல்மரின் சட்டை வால்

எங்கள் சாலையில் அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அபாண்டம். டெல்மர் ரின்டாலா தன் கராஜை என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கட்டினான். அதன் கதவையும் எந்நேரமும் திறந்தே போட்டிருப்பான். பாத்திரம் கழுவுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? ஆகவே போன நவம்பரில் அவனுக்கும் அவன் துப்பாக்கிக்கும் நடந்த தகராறைக் கிட்டத்தட்ட முழுதாகப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பார்க்காத பாகங்களை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதுவும் குற்றமென்றால் என்ன செய்வது.

மேல் மிச்சிகனில் மான் பருவம் தொடங்கும் நாளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அன்றைக்குப் பல்வலி வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்; பல் மருத்துவர் ஏதாவதொரு மரத்தில் பரண்மேல் குந்தியிருப்பார். ஊரில் திறந்திருக்கும் ஒரே இடம் வின்னி ட்ரெகியரின் பார். அந்த பாரில் ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டு, அந்த மான் நடந்தோ ஓடியோ தன் வழியில் போய்விட்டால், சுட்டவனின் சட்டை வாலை வெட்டிவிடுவார்கள். அன்றைக்கு எந்தச் சட்டையைப் போட்டிருந்தானோ அதே சட்டை. பருவத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம், ஊர் மொத்தமும் பார்க்க, பின்பக்கம் தொங்கும் துணியைக் கத்தரித்து, அதில் பெயரும் வருடமும் தவறியதற்கான காரணமும் எழுதிக் கூரை உத்தரத்தில் ஆணி அடித்துவிடுவாள் வின்னி. பீர் குடிக்க அண்ணாந்தால் ஊரின் மொத்த மானமும் தலைக்கு மேலே ஆடும். பாதிரியாரின் சட்டைகூட உண்டு. கறுப்பு, நல்ல மெல்லிய துணி, காரணம்: தும்மல்.

வெட்டும் கத்தரி யாரிடம் இருக்கும் என்பதற்கும் சட்டம் உண்டு. உத்தரத்தில் சட்டை தொங்காதவனிடம். அப்படிப் பல வருடமாக ஊரில் மிஞ்சி நின்றவன் டெல்மர் ஒருவன்தான். ஆட்டு ரோமம் வெட்டுகிற பெரிய கத்தரி. அதை வீட்டில் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தான். வெட்டுவதற்கு முன்னால் ஒரு சிறு பிரசங்கம் செய்வான்: பொறுமை, மூச்சு, விரலடக்கம் என்று. மண்வாரி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வேறு மேடை ஏது. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அப்போது வாய் திறக்கமாட்டான். அந்தக் கத்தரிதான் அவனைப் பேச்சாளன் ஆக்கியது.

டெல்மரின் மனைவி மார்லிஸ். அவளுடைய தம்பி லைல். உத்தரத்தில் லைலின் சட்டை வால்கள் ஒரு திரைச்சீலை தைக்கிற அளவுக்கு இருக்கும். எல்லாம் டெல்மர் கையால் வெட்டியவை. லைலுக்கு ஒரு பைத்தியம்: மானுக்கு மோப்பம் போகக்கூடாது. பருவம் வந்தால் வாசனையில்லாத சோப்பில் துணி துவைத்துத் தேவதாரு இலைபோட்ட பெட்டியில் மூடிவைப்பான். வெங்காயம் தொடமாட்டான். வண்டிக்குப் பெட்ரோல் போட வேறு ஆளை அனுப்புவான். டெல்மர் இதை வைத்து அவனை ஓட்டாத ஓட்டம் இல்லை. "மச்சான், உன்னை மான் மோந்து பார்க்குறதில்ல, உன் மூஞ்சியப் பார்த்துத்தான் ஓடுது" என்பான். ஆனால் போன வருடத்துக்கு முந்தின வருடம் லைல் ஒரு பெரிய கொம்பன் மானை வீழ்த்திவிட்டான். அதிலிருந்து டெல்மரின் கிண்டலில் கொஞ்சம் சத்து குறைந்தது. அதை நான் அப்போதே கவனித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பருவத்தின் முதல் காலை. டெல்மரின் பரணும் லைலின் பரணும் ஒரே சதுப்பின் இரண்டு கரையில். அன்று மத்தியானம் பாரில் லைல் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒரு வெடி கேட்டுச்சு வின்னிக்கா. சரி, மாமா அடிச்சிட்டாருன்னு நெனச்சேன். அடுத்த வெடிக்குக் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா, வெடி வரல, கெட்ட வார்த்தை வருது. ஒண்ணா ரெண்டா! நான் கேள்விப்படாததெல்லாம் வருது."

"மான் என்ன செஞ்சுச்சு?" என்றாள் வின்னி.

"நின்னு கேட்டுச்சு. அதுக்கும் புதுசா இருந்திருக்கும்ல. முழுசாக் கேட்டுட்டுத்தான் போச்சு. பத்துக் கிளை கொம்பு, அம்மாடி."

பார் குலுங்கியது. எல்லோர் கண்ணும் டெல்மரின் சட்டைக்குப் போனது. சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. அவன் வாலைப் பத்திரமாகக் கால்சட்டைக்குள் செருகியிருந்தான்.

"நிறுத்துங்கடா" என்று டெல்மர் எழுந்தான். "மொத வெடி மரத்துல பட்டுச்சு. ஒத்துக்கறேன். அது அளவு பார்க்குற வெடி. ரெண்டாவதுல படுத்திருக்கும். அதுக்குத்தானே இந்தத் துப்பாக்கி? தானா ஏத்திக்கிட்டு, விசைய இழுத்தா சுடணும். சுடலையே! சுட்ட தோட்டாவோட கூடு வெளிய விழாம வாசல்லயே குறுக்க நிக்குது, வெறகு அடுப்புல மாட்டின கட்டை மாதிரி. நான் என்ன பண்ணுவேன்? தப்பு துப்பாக்கி மேல."

சட்டம் தெரிந்துதான் பேசினான். துப்பாக்கியின் கோளாறு என்றால் சட்டை தப்பிக்கும். சொந்தக்காரனின் கோளாறு என்றால் கத்தரி. இந்த விதியை முன்னொரு காலத்தில் போட்டவனும் அவன்தான். லைல் தன் துப்பாக்கியைக் குறை சொன்னபோது, "கோளாறைக் கொண்டாந்து காட்டு, அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு வெட்டினான்.

வின்னி மேசையைத் துடைத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "அப்ப கொண்டாந்து காட்டு. சனிக்கிழமை மத்தியானம். எங்க கண்ணு முன்னால உன் துப்பாக்கி சிக்கணும், சிக்கினது உன்னால இல்லைன்னு தெரியணும். இல்லைன்னா சட்டை போச்சு, கத்தரியும் போச்சு."

கத்தரியும் என்றபோது டெல்மரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டைக்கு அப்படி வெளுக்கவில்லை.

அன்று சாயங்காலமே கராஜில் விளக்கு எரிந்தது. அவர்களிடம் வாங்கிய கேக் பாத்திரம் ஒன்று என்னிடம் வெகு நாளாகக் கிடந்தது. இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் திருப்பித் தராமல் வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

துப்பாக்கி பிரிந்து துணிமேல் கிடந்தது, தையல் வகுப்பில் பிரித்துப் போட்ட கோட் மாதிரி. டெல்மர் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு, உசிரோட இருக்கா?" என்றேன்.

"வந்துட்டியா தாயே. ஏன்டா இன்னும் காணோமேன்னு நெனச்சேன்" என்றான். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாத நிலையில் இருந்தான். "இங்க பாரு. வெடிச்சதும் அந்தப் புகையோட வேகம் இந்த போல்ட்டப் பின்னால தள்ளணும். பின்னால போறப்ப வெறும் கூட்ட இழுத்து வெளிய வீசணும். திரும்ப வர்றப்ப மேகசின்ல இருந்து அடுத்த தோட்டாவ ஏத்திக்கணும். இது பாதி தூரம் போயிட்டு நின்னுக்குது."

"உன்னை மாதிரி. வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு ஆரம்பிச்சியே, அந்த மாதிரி."

"தோட்டா சரியில்ல" என்றான், காது கேளாதவன் போல. "மலிவு தோட்டா. மருந்து கம்மியாப் போட்டிருப்பான். தள்ளுற வேகம் பத்தல."

மறுநாள் காலை நல்ல தோட்டா வாங்கிவந்து, பழையதையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு கிளம்பி, பின்னால் இருக்கும் சரளைக் குழிக்குப் போனான். டப், டப், டப், டப் என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டப், டப், டப். தையல் மெஷின்கூட அவ்வளவு சீராக ஓடாது. நான் அப்போது குப்பைத் தொட்டியை வெளியே வைப்பதற்காக வந்திருந்தேன். குப்பை வண்டி வருகிற நாள் அல்லதான்.

திரும்பி வந்தவனின் முகம் சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் முகம்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சு" என்றான்.

"நல்ல தோட்டாவா?"

"ரெண்டும் ஓடுச்சு. மலிவும் ஓடுச்சு. சனியன்."

உலகத்தில் எல்லோரும் துப்பாக்கி ஓட வேண்டும் என்று பழுது பார்ப்பார்கள். இவன் ஒருத்தன்தான் ஓடிவிட்டதே என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கோளாறு இருந்தால்தானே சனிக்கிழமை காட்டுவதற்கு?

அதற்கடுத்த காலை அவன் பரணில் விடிவதற்கு முன்னாலிருந்து உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் ஒரு கட்டையைப் பார்த்துச் சுட்டிருக்கிறான். சிக்கிக்கொண்டது! அதே மாதிரி, கூடு வாசலில் குறுக்காக. சதுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து லைல் கேட்டது, "கெடச்சிடுச்சு! கெடச்சிடுச்சு!" என்ற கூச்சல். மான்தான் கிடைத்துவிட்டதாக நினைத்து லைல் ஓடிவந்திருக்கிறான். டெல்மர் அவனையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, சிக்கிய கூட்டைத் தட்டி எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஹீட்டருக்கு முன்னால் சாய்த்து வைத்து, நேரே வின்னியின் பாருக்கு விரட்டினான். வின்னியை அடுப்படியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாருக்கு எதிரே இருக்கும் இன்னொரு சரளைக் குழிக்குப் போனான்.

டப், டப், டப், டப்.

"என்ன மாமா இது," என்றானாம் லைல், "டாக்டர் வாசலுக்குப் போனதும் நின்னுபோற பல்வலியா?"

வின்னி அடுப்படிக்குத் திரும்பி ஓடினாள். சூப் தீய்ந்துபோயிருந்தது, அதற்குத்தான் டெல்மரை ஒரு பார்வை பார்த்தாளாம்.

அன்றிலிருந்து டெல்மர் வெறி பிடித்தவன் ஆனான். மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று புது மேகசின் போட்டான். கூட்டைக் கவ்வி இழுக்கிற கொக்கி தேய்ந்திருக்கும் என்று அதை மாற்றினான். போல்ட்டைப் பின்னாலிருந்து தள்ளுகிற பெரிய ஸ்பிரிங்கை மாற்றினான். புகை வரும் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தான். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் துடைத்து, பளபளவென்று எண்ணெய் பூசி, குழந்தைக்கு முகம் கழுவிப் பொட்டு வைக்கிற பக்குவத்தோடு பூட்டுவான். ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து எடுத்துப்போனால் ஓடும். பரணிலிருந்தால் சிக்கும். அவன் எதை மாற்றினாலும் இதில் மாற்றம் இல்லை.

"அவன் அதோட பேச ஆரம்பிச்சிட்டான் ஆர்டிஸ்" என்றாள் மார்லிஸ் என்னிடம். சீட்டு விளையாட வந்திருந்தாள். "நேத்து, 'உனக்கு நான் என்ன கொறை வச்சேன்'னு கேக்குறான். என்கிட்டயே அப்படிக் கேட்டதில்ல."

"சிரிச்சியா?"

"எதுக்குச் சிரிக்கணும். பாவம், அந்தக் கத்தரி போச்சுன்னா அவன் வீட்டுலயே உக்காந்து என்கிட்டதான் பிரசங்கம் பண்ணுவான்."

மார்லிஸ் இப்படித்தான். ரொம்பப் பேசமாட்டாள். வருடா வருடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆப்பிள் மரத்தடியில் ஒரு மானை ஒரே வெடியில் வீழ்த்தி, தானே தோலுரித்து, மத்தியானச் சமையலுக்குள் வந்துவிடுவாள். அதைப்பற்றி யாரிடமும் சொல்லவும் மாட்டாள். அவள் சொல்லாததால் யாரும் அதை வேட்டை என்று கணக்கில் சேர்த்ததே இல்லை.

அவள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். வீட்டிலிருந்து போனால் ஓடுகிறது, பரணில் சிக்குகிறது. ஹீட்டர் முன்னால் வைத்தால் ஓடுகிறது. குளிர்! துப்பாக்கி குளிர்ந்தால்தான் சிக்குகிறது. எதிரில் நின்று பார்க்கிறவளுக்குத் தெரிவது கட்டிக்கொண்டு அழுகிறவனுக்குத் தெரியவில்லை. உடனே சாலையைக் கடந்து சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சனிக்கிழமை சொன்னால் கேட்பதற்கு ஆள் அதிகம் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் பாரில் நிற்க இடமில்லை. பீன்ஸ் சூப்பும், மாட்டிறைச்சியும் வெங்காயமும் மாவுக்குள் அடைத்துச் சுட்ட பாஸ்டியும் பறந்துகொண்டிருந்தன. ஈரக் கம்பளியும் வெங்காயமும் கலந்த வாடை. லைல் மட்டும் வெங்காயமில்லாத பாஸ்டி கேட்டு வாங்கி, மூலையில் நின்று தின்றான். டெல்மர் கட்டம்போட்ட சட்டையோடும், ஒரு கையில் துப்பாக்கியோடும், மறு கையில் கத்தரியோடும் வந்தான். பின்னால் மார்லிஸ்.

"காட்டுறியா?" என்றாள் வின்னி.

டெல்மர் தொண்டையைக் கனைத்தான். "இதுக்கு நேரம் காலம் இருக்கு வின்னி. எப்பவும் சிக்காது. ஆனா சிக்கும். என் தாய்மேல சத்தியமா..."

"உங்கம்மா நல்ல மனுஷி, அவங்கள விட்டுடு. சட்டைய வெளிய எடு."

அப்போது நான் எழுந்தேன். சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் எழுந்தேன். "அந்தத் துப்பாக்கிய வெளியில வையுங்க. தோட்டா இல்லாம, பனியில. நாம சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிச்சிட்டுச் சுட்டுப் பாருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அது வீட்டுக்குள்ள சூடா இருந்தா ஓடுது, குளிர்ல விறைச்சா சிக்குது. வாரம் பூரா பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அதான் உனக்கு வேலையே" என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னான். டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை அவன் அவ்வளவு பாசத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

துப்பாக்கியை வாசல் பெஞ்சில் வைத்தோம். இரண்டாவது கிண்ணம் சூப்பும் முடிந்தது. பிறகு ஊரே சாலையைக் கடந்து சரளைக் குழிக்குப் போனது. யார்மேலும் சந்தேகம் வேண்டாம் என்று வின்னியே சுட்டாள். முதல் வெடி மண்மேட்டில் புகுந்தது. இரண்டாவது தடவை விசையை இழுத்தாள். ஒன்றுமில்லை. வெறும் கூடு வாசலில் குறுக்காக நின்று எல்லோரையும் பார்த்தது.

டெல்மர் குதித்தான். அறுபது தாண்டியவன், பனியில், கத்தரியோடு. "பார்த்தியா! பார்த்தியா! தப்பு துப்பாக்கி மேல! எல்லாருக்கும் பீர் என் செலவு! லைல், உனக்கு ரெண்டு!" லைலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கப் போனான், லைல் வாசனைக்குப் பயந்து விலகினான்.

"இரு" என்றாள் வின்னி. "என் துப்பாக்கியும் இதே குளிர்லதான் கெடக்கு. லைலோடதும்தான். அதெல்லாம் சுடுது. உன்னோடது மட்டும் ஏன் விறைக்குது?"

மேகசினைக் கழற்றினாள். கூட்டைத் தட்டி எடுத்தாள். உள்ளே வேறு தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். போல்ட்டை இழுத்தாள், அது அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி மெல்ல வந்தது. பேனாக்கத்தியை உள்ளே விட்டுச் சுரண்டினாள். கத்தி நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தியிலிருந்து சுரண்டிய மாதிரி, கட்டியாக.

"என்ன இது?" என்று லைல் மூக்கைக் கொண்டுபோனான். அந்த ஊரில் மூக்கில் பட்டம் வாங்கியவன் அவன்தான். "வாசனையே இல்லையே. சுத்தமா இல்ல."

மார்லிஸ் கையுறையைக் கழற்றினாள். கத்தி நுனியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தேய்த்தாள். உடனே உருகி எண்ணெயாகிவிட்டது.

"தேங்காய் எண்ணெய். வாசனை எடுத்தது" என்றாள்.

சமையலறைச் சூட்டில் தண்ணீர் மாதிரி ஓடுகிற எண்ணெய், வாசலில் வைத்தால் கல். ஸ்பிரிங், கொக்கி, மேகசின் என்று டெல்மர் மாற்றிய ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் இதையேதான் பார்த்துப் பார்த்துப் பூசியிருக்கிறது ஒரு கை. உறுப்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே விஷத்தையே மருந்தாகக் கொடுத்திருக்கிறது.

"பூசினது யாரு?" என்றாள் வின்னி. "சொந்தக்காரன் கைன்னா சட்டை. அவனுக்குத் தெரியாம வேற யாராச்சும் கை வச்சிருந்தா அவன் தப்பில்ல."

டெல்மர் தன் பூட்ஸைப் பார்த்தான். கத்தரியைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"வீட்டுல அந்த எண்ணெய்... மார்லிஸோடது. குதிகால் வெடிப்புக்கு வாங்கினது" என்றான்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, கவனியுங்கள். எண்ணெய் அவளுடையதுதான். அந்த வாக்கியத்தைப் பனியில் அப்படியே விட்டுவிட்டு நின்றான், மிச்சத்தை ஊர் முடித்துக்கொள்ளட்டும் என்று. ஊர் முடித்துக்கொண்டது, எல்லோரும் மார்லிஸைப் பார்த்தார்கள்.

மார்லிஸ் டெல்மரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா. நான்தான் பூசினேன்" என்றாள்.

"ஏன்க்கா?" என்றான் லைல், நம்பாமல்.

"கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு."

டெல்மரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவன் வாழ்க்கையில் விட்ட மூச்சுகளிலேயே நீளமானது. ஆனால் லைல் விடுகிறவனா? "அப்ப தப்பு அக்கா மேல. தப்பு செஞ்சவங்க சட்டைதானே போகணும்? வெட்டுப்படாத சட்டைன்னா அக்காவோடதும்தான் இத்தன வருஷமாத் தொங்கல. மானை விட்டதே கெடையாது அவ."

ஊருக்கு அது அப்போதுதான் உறைத்தது. முணுமுணுப்பு எழுந்தது. வின்னி நெற்றியைச் சுருக்கி, "சட்டப்படி அப்படித்தான்" என்றாள்.

மார்லிஸ் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். திரும்பி நின்று, பச்சை ஃபிளானல் சட்டையின் வாலைக் கால்சட்டையிலிருந்து உருவினாள். அந்தக் குளிரில், குழந்தைக்குத் தலை வார முதுகு காட்டுகிற மாதிரி சாதாரணமாக நின்றாள்.

"வெட்டு டெல்மர். கத்தரி உன்கிட்டதானே இருக்கு. பிரசங்கம் இருந்தா சீக்கிரம் முடி, குளிருது."

பொறுமை, மூச்சு, விரலடக்கம் எதுவும் வரவில்லை. டெல்மர் அவள் சட்டை வாலைப் பிடித்தான். கத்தரியை விரித்தான். அந்தக் கத்தரியை எத்தனை முதுகுக்குப் பின்னால் விரித்திருப்பான். அன்றுதான் அது விரித்தபடியே நின்றது. மார்லிஸோடு நான் வெகுகாலமாகச் சீட்டு ஆடுகிறவள். கையிலிருக்கிற சின்னச் சீட்டைச் சாதுவாகக் கீழே போட்டுவிட்டு, எதிராளி தன் பெரிய சீட்டைத் தானே எடுத்துப் போடும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அன்றைக்கும் அதைத்தான் செய்தாளா, இல்லை நிஜமாகவே அவனுக்காக நின்றாளா என்று பிறகு எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

"வெட்டுறியா, நான் ஜன்னி வந்து சாகட்டுமா?"

கத்தரி மூடியது. துணியில் அல்ல, காற்றில்.

"நான்தான்" என்றான் டெல்மர்.

"என்ன?" என்றாள் வின்னி.

"நான்தான் பூசினேன். அவளுக்குத் தெரியாது. துப்பாக்கி எண்ணெய் நாறுது. மானுக்கு மோப்பம் போகும்ல." கடைசி வார்த்தைகள் பூட்ஸுக்குள் போய்விட்டன.

லைல் காதுக்குப் பின்னால் கை வைத்தான். "என்னது மாமா? இந்தக் காதுல சரியா விழல. எதுக்கு என்ன போகும்?"

"மோப்பம்டா! மோப்பம்! நீ அந்தக் கொம்பனை அடிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. போதுமா? அந்தச் சோப்பும் வாங்கிட்டேன். கராஜுல பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால இருக்கு."

லைல் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதற்கு மூச்சு வரவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். அவன் எழுந்து டெல்மரின் தோளில் கைபோட்டு, "தேவதாரு இலை வேணும்னா நான் தரேன் மாமா. நல்ல எலையா, பொறுக்கித் தரேன்" என்றான். டெல்மர் கையைத் தட்டிவிட்டான்; ஆனால் மெதுவாகத்தான்.

பாருக்குத் திரும்பினோம். டெல்மர் கட்டம்போட்ட சட்டையின் வாலைத் தானே உருவி வெளியே விட்டான். பிறகு ஒரு சிக்கல். யார் வெட்டுவது? கத்தரி தன்னுடையது, வேறெவனும் தொடக்கூடாது என்று டெல்மர் கடைசியாக ஒரு அதிகாரம் செய்து பார்த்தான். தானே வெட்டிக்கொள்வதாகச் சொல்லி, கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து, நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி பாரில் ரெண்டு சுற்று சுற்றினான். பாதிரியார்கூடச் சிரித்தார். லைல் தானே வெட்டுகிறேன் என்று கை நீட்டினான்.

"உன்னோடதுதான் மேல வரிசையாத் தொங்குதே" என்றாள் வின்னி. அண்ணாந்து உத்தரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். பிறகு கத்தரியை டெல்மர் கையிலிருந்து வாங்கி மார்லிஸிடம் நீட்டினாள். "இவ ஒருத்திதான் மிச்சம்."

மார்லிஸ் கத்தரியை வாங்கி எடை பார்த்தாள். விரலால் கூர் பார்த்தாள். டெல்மர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஏதாவது பேசணும் மார்லிஸ். வெட்டறதுக்கு முன்னால ரெண்டு வார்த்தை. அதான் வழக்கம்" என்றான், முன்பக்கச் சுவரைப் பார்த்தபடி.

"ஆடாம நில்லு" என்றாள் மார்லிஸ்.

அதுதான் அவள் பிரசங்கம். வழக்கமாக வால் என்றால் ஒரு முழம்கூட இருக்காது, இடுப்புக்குக் கீழே. மார்லிஸ் இடுப்பில் நிற்கவில்லை. கத்தரி கறுப்புக் கட்டம், சிவப்புக் கட்டம் என்று தாண்டி மேலே மேலே ஏறியது. டெல்மர், "போதும்" என்றான். அது போய்க்கொண்டே இருந்தது. "மார்லிஸ், போதும்டி, அங்கல்லாம் வால் இல்ல" என்றான். தோள்பட்டைக்குக் கீழே வந்துதான் குறுக்கே திரும்பியது. முன்னாலிருந்து பார்த்தால் டெல்மர் முழுச் சட்டை போட்ட கனவான்; பின்னாலிருந்து பார்த்தால் உள்பனியனும் மானமும்.

வின்னி துணியை மேசைமேல் விரித்து, கறுப்பு மார்க்கரைத் திறந்தாள். பெயர் எழுதினாள். வருடம் எழுதினாள். "காரணம்?" என்றாள்.

டெல்மர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "'துப்பாக்கி சிக்கியது'ன்னு எழுதிடு வின்னி. அது பொய்யில்லையே."

வின்னி மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸ் துணியின் சுருக்கத்தைக் கையால் நீவி, நான்கு மூலையையும் நேராக இழுத்துவிட்டாள்.

"முழுசா எழுது" என்றாள். "அதுக்குத்தான் எடம் விட்டு வெட்டியிருக்கேன்."